கடைசி வீட்டுக் கிணற்றில் பத்து மீன்கள்

எழுபதுகளில் சென்னையில் மலேரியா அதிகமாக இருந்தது. கொசு ஒழிப்பு வேலைக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். மருந்தை விடச் சின்ன மீன்கள் நல்லது, கிணற்றில் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று சொல்லி, மயிலாப்பூரில் ஒரு தெருவை என்னிடம் ஒப்படைத்தார் மேஸ்திரி. ஒரு மாதம் கழித்து அவர் வந்து பார்க்கும்போது எந்தக் கிணற்றிலாவது புழு இருந்தால் என் வேலை போய்விடும்.

கடைசி வீட்டு மாமி, என் சைக்கிளில் தொங்கிய மீன் வாளியைப் பார்த்ததும் வழியை மறித்தார். பெருமாள் திருமஞ்சனத்துக்கு எடுக்கும் தண்ணீரில் மீனா என்று கேட்டார். எனக்குப் புது மனிதர்களிடம் வாய் திறக்கவே வராது. புழு பார்க்கும் வெள்ளைக் கிண்ணத்தை மட்டும் நீட்டினேன். தன் கிணறு எவ்வளவு சுத்தம் என்று காட்ட அவரே ஒரு வாளி இறைத்து, அதில் ஊற்றினார்.

கிண்ணம் முழுக்கப் புழு நெளிந்தது. காலையில்தான் பெருமாள் அந்தத் தண்ணீரில் குளித்திருந்தார்.

"மாமா வரதுக்குள்ள விட்டுட்டுப் போயிடு" என்றார் மாமி, மெதுவாக. பத்து மீன்களை விட்டேன்.

மாதம் முடிந்து மேஸ்திரி வந்தார். மற்றக் கிணறுகளில் புழு இல்லை. கடைசிக் கிணற்றில் இருந்தது. மீன்களும் இருந்தன, முன்னைவிடப் பருமனாக.

"இன்னா நைனா, மீனும் கீது, புழுவும் கீது. ரெண்டும் ஒண்ணா குடித்தனம் பண்ணிக்கினு கீதா?"

அப்போது மாமி ஒரு தட்டுப் பொரியோடு வந்து, கோயில் குளத்தில் போடுவதுபோல் கிணற்றில் தூவினார். தினமும் இரண்டு வேளை போடுகிறாராம்.

"பெருமாள் தீர்த்தத்துல இருந்துண்டு புழுவைத் தின்னலாமோ? இப்போ அதுகள் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை" என்றார் பெருமையாக.

மேஸ்திரி எனக்கு ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். இனி நான்தான் பேச வேண்டும்.

"மாமி, பொரி போடாதீங்க."

"பட்டினி போடச் சொல்றியா?"

"ஆமாம் மாமி."

அதற்கு முன் தெரியாதவர்களிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. மாமி பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அதுகளுக்கு ஏகாதசி விரதம் என்று நினைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் கிண்ணத்தில் ஒரு புழுகூட இல்லை. மேஸ்திரி நோட்டில் கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. கிளம்பும்போது மாமி வாசல்வரை வந்தார்.

"விரதம் முடிஞ்சு அதுகளுக்கு துவாதசி என்னிக்கு?"

நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.