மெலெனாய்தே அத்தையின் வாய்ச்சொல்

என் அத்தை மெலெனாய்தே யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. அது அவளுடைய குணம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். குணமில்லை, பயம் என்று பிறகு அம்மா சொன்னாள்.

தென்கடலில் கிடக்கும் எங்கள் ஹாபாய்த் தீவுகளில் அப்பாவைவிட அப்பாவின் அக்காளுக்குத்தான் இடம் உயரம். தம்பியின் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பவள் அவள். கல்யாண வீட்டில் நல்ல பாய் அவளுக்குத்தான் போகும். சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காருகிறவளும் அவள். மனம் குளிர்ந்து அவள் ஒன்று சொன்னால் பலிக்கும். கசந்து சொன்னாலும் பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் சர்ச்சுக்குப் போகிற நாங்கள் இதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

என் அப்பா செமிசி அவளுக்கு ஒரே தம்பி. அப்போது நான் அம்மாவின் வயிற்றில், கடைசிப் பிள்ளை. அத்தைக்கு வவாவுத் தீவிலிருந்து ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாண விருந்துக்கென்று அவள் ஒரு பன்றியைக் குட்டியிலிருந்து வளர்த்தாள். தேங்காய்ப்பூவைக் கையால் ஊட்டி வளர்த்த பன்றி. அப்பா புதுப்படகு கட்டி முடித்த அன்று, உதவிக்கு வந்த கூட்டாளிகளுக்கு விருந்து வைக்க அதைப் பிடித்து அறுத்து மண்ணடுப்பில் இறக்கிவிட்டார். வேறு பன்றி வாங்கிக்கொள்ளலாம் என்று சிரித்தாராம்.

வயது வந்த அக்காளும் தம்பியும் எங்கள் ஊரில் ஒருவர் முகம் ஒருவர் பார்த்துப் பேசமாட்டார்கள். ஒரு கூரையின் கீழ் படுக்கவும் மாட்டார்கள். அத்தை அன்று அத்தனையையும் மீறிக் கடற்கரைக்கே போனாள். படகைத் தள்ளிக்கொண்டிருந்த ஆண்கள் நடுவில் நின்று, "போ, அந்தக் கடல்லயே கிட. திரும்பி வராத" என்றாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். பவளத்திட்டைத் தாண்டியதும், "அக்கா திட்டிட்டா, இன்னைக்கு மீன் மாட்டாது" என்று சிரித்ததாகக் கூடப் போன இரண்டு பேர் சொன்னார்கள். அன்றே படகு கவிழ்ந்தது. அவர்கள் இருவரும் நீந்திக் கரையேறினார்கள். அப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

யாரும் அத்தையைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளே வாத்தியாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பின் அவள் கட்டுப்படுத்தியது தன் வாயைத்தான். யாராவது கிளம்பினால் 'போ' என்று சொல்லமாட்டாள். 'போகாதே' என்றும் சொல்லமாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். நாங்கள் வம்பு செய்தால் மரப்பட்டையை எடுத்துப் போட்டுக் கட்டையால் அடித்துத் துணியாக விரிக்க ஆரம்பிப்பாள். கட்டைச் சத்தம் பலமாகக் கேட்டால் நாங்கள் அடங்கிவிடுவோம். எங்கள் வீட்டில் அடித்தது போல் மெல்லிய பட்டைத்துணி வேறெங்கும் கிடையாது என்று தீவே பேசிக்கொண்டது.

எங்களுக்கு உடுக்க, தின்னக் குறை வைக்கவில்லை. என் பள்ளிக்கூடச் சீருடைக்கு நாள் தவறாமல் இஸ்திரி போட்டாள். ஆனால் சாவு வீடுகளில் தலைமாட்டில் மட்டும் உட்காரமாட்டாள். கீழ்ப்படியில் உள்ளவர்கள் கட்டுகிற கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்புறம் போய், அவர்களோடு சேனைக்கிழங்கு உரிப்பாள். பெரியவர்கள் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

வடமேற்குக் காற்று அடித்த நாட்களுக்கு அடுத்த காலைகளில் அவள் சோர்ந்திருப்பாள். ஒருமுறை தேநீரை ஆற்றிக்கொண்டே, "உங்க அப்பன் வந்துட்டுப் போனான். வாசல்லயே நின்னான். ஒண்ணும் பேசல" என்றாள், பக்கத்து வீட்டுக்காரன் வந்துபோனதைச் சொல்வதுபோல். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பாய் நனைந்திருந்தது. கூரை ஒழுகியது என்றாள் அம்மா. அன்றைக்கு மழை பெய்யவில்லை.

எனக்குத் தலைப்பிரசவம் தள்ளிக்கொண்டே போனது. மருத்துவச்சி கைவிரித்ததும், அம்மா அத்தையின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, என் பொண்ணு மேல உங்களுக்கு ஏதாச்சும் மனத்தாங்கல் இருந்தா சொல்லிடுங்க. நான் மண்டி போட்டுக் கேக்கறேன்."

"எனக்கு அவ மேல என்ன இருக்கப் போகுது, லூசெயானே? இது நான் இல்ல" என்றாள் அத்தை. பிறகு வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துப் பேசினாள். "செமிசி, அவள விடு. உன் கணக்கு என்கிட்டதான்."

கெலெபி பிறந்தான். அவனுக்குப் பெயர் வைக்க அவளைக் கூப்பிட்டோம். தலையை அசைத்து மறுத்துவிட்டாள். போதகர்தான் வைத்தார்.

கெலெபி வளர்ந்து, கல்யாணமாகி, அத்தைக்குத் தொண்ணூறு நெருங்கிய காலத்தில் கடலுக்குள் இருந்த எரிமலை வெடித்தது. மாலைக்கு முன்பே வானம் கறுத்தது. காதில் அறைந்தது போன்ற சத்தம், ஒன்றன்மேல் ஒன்றாக. கடல் பின்வாங்கிப் பவளத்திட்டுகள் வெளியே தெரிந்தன. எல்லோரும் மேட்டை நோக்கி ஓடினோம். அத்தை மட்டும் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். செமிசி கணக்கை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறான், நான் போய்க்கொள்கிறேன் என்றாள்.

கெலெபி கேட்கவில்லை. அவளை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். அவள் அவன் தோளில் குத்தினாள். அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"விடுடா என்ன! சொன்னா கேக்கமாட்ட? அந்தக் கடலே உன்னையும் கொண்டு போகட்டும்!"

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேட்டில் இறக்கியதும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கீழே போதகரின் மனைவி நடக்க முடியாமல் கிடக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அவன் அத்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இறங்கிப் போனான். அவன் போன பிறகு கடல் ஊருக்குள் வந்தது. மரம் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. சாம்பல் மழையாய்க் கொட்டியது. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். அத்தை அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் வந்தான். போதகரின் மனைவி அவன் தோளில் இருந்தாள். உச்சி முதல் கால் வரை சாம்பல் அப்பி, அதன்மேல் கடல்நீர் வழிய, என் மகன் என்றே எனக்குத் தெரியவில்லை. அத்தை அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளாடா உனக்கு?" என்றாள். "அன்னைக்கு நான் சொன்னத மனசுல வெச்சுக்காத, செமிசி."

"சரிக்கா" என்று ஒரு குரல் சொன்னது.

அத்தை அவன் ஈரக்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருந்தாள். இடிந்த வீட்டுக்குப் பதிலாகப் போட்ட தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். தகரத்தைச் சரியாக அடிக்கவில்லை என்று கெலெபியை, பிரசங்கம் நீளம் என்று போதகரை, கிழங்கு வேகவில்லை என்று என்னை. திட்டிவிட்டு எங்கள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு வசவு வரும். அம்மா உயிரோடிருந்தால் ரசித்திருப்பாள். ஒரு காலையில் பாதித் திட்டில் மூச்சு நின்றது.

வெள்ளை மணல் கொட்டி, கருங்கல் பதித்து அவளை அடக்கம் செய்தோம். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கெலெபியிடம் சொன்னேன், அன்றைக்கு அவளுக்கு நீ அந்தப் பதிலைச் சொன்னது பெரிய புண்ணியம் என்று.

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"நான் எங்கம்மா சொன்னேன்? வாயெல்லாம் சாம்பல். எனக்கு மூச்சே வரல. உனக்குப் பின்னாலேருந்து யாரோ சொன்னாங்க. மேட்டுக்கு ஏறுனவங்க யாரோன்னு நெனச்சேன்."

எனக்குப் பின்னால் அன்று யாரும் இல்லை. மேட்டின் அந்தப் பக்கம் கடல்தான்.