பளபளாவின் அண்டா

“நான் தேய்ச்ச அண்டாவுல ஒரு கிருமி குடியேறணும்னா, முதல்ல எங்கிட்ட வந்து பட்டா வாங்கணும்!”

பழைய மேலாளரை வழியனுப்பிய தேநீர் விருந்தில், நாற்காலிமேல் ஏறி நின்று இப்படி முழங்கியவர் ஆலை உணவகத்தின் பாத்திரம் கழுவும் பகுதித் தலைவர். அந்தப் பகுதியில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாது என்பதால் தலைவர் பதவிக்குப் போட்டியும் இல்லை. அவர் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆகவே ஆலையே அவரைப் ‘பளபளா’ என்று அழைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

நிர்வாகம் கொடுத்த மெத்தென்ற பஞ்சை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. “இதெல்லாம் பாப்பாவைக் குளிப்பாட்டறதுக்கு” என்று மூலையில் எறிந்துவிட்டு, கைக்காசில் கம்பிநார் வாங்குவார். அதிலும் இருப்பதிலேயே கரகரப்பான ரகம். பரம விரோதியின் முதுகு தற்செயலாகக் கிடைத்துவிட்டதுபோலத் தம் கட்டித் தேய்ப்பார். அப்புறம் ப்ளீச்சிங் கரைசல், டப்பாவில் போட்டிருக்கும் அளவைப்போல இரண்டு பங்கு. கடைசியில், வருகிறவர் போகிறவர் கையைப் பிடித்து இழுத்து அண்டாவின் அடியில் வைப்பார்.

“வழவழன்னு இருக்குல்ல?”

“ஆமாண்ணே, வழவழன்னுதான் இருக்கு.”

“அதுக்குப் பேருதான் சுத்தம்!”

அந்த அண்டா அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் அண்டா. காய்ச்சி ஆறவைத்த பால் அதில்தான் நிற்கும். சாப்பாட்டுக்குப் பிறகு தொழிலாளர்களுக்கு டம்ளர் டம்ளராகப் போகும். பால் காய்ச்சும் சமையற்காரம்மா வேற்று மனுஷி அல்ல. பளபளா தம் மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தியம்மா.

ஒரு நாள், பால் குடித்தவர்களில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வாசலில் வரிசை கட்டினார்கள். புது மேலாளர் சமையலறைக்கு ஓடிவந்தார்.

“அண்டாவை ஒழுங்கா கழுவினீங்களா?”

பளபளாவின் மானம் பொங்கி எழுந்தது. “அண்டாவையா கேக்கறீங்க? பால் காய்ச்சின கையைக் கேளுங்க சார்!”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கை யாருடையது என்பது அவர் நினைவுக்கு வந்தது. சம்பந்தியம்மா கரண்டியோடு எதிரிலேயே நின்றிருந்தார்.

“ரொம்ப சந்தோஷம் சம்பந்தி” என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனார். சோதனைச்சாலையிலிருந்து ஆள் வந்து சோதனை முடியும்வரை சம்பந்தியம்மா வீட்டில் இருக்கட்டும், பாத்திரங்களில் குற்றம் இல்லை என்று தெரிந்தால் அப்புறம் அவருக்கு வேலையும் இல்லை என்று மேலாளர் தீர்ப்புச் சொன்னார்.

மாலையில் மகள் தொலைபேசியில் வந்தாள். “அப்பா, அத்தை சோப்புப் போட்டு கையைக் கழுவிக்கிட்டே இருக்காங்க. தோலு உரியுது. இந்த வீட்டுல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உலாத்தறது?”

“வாய் தவறி வந்துடுச்சும்மா...”

“வாயெல்லாம் தவறல” என்றார் பக்கத்திலிருந்த மனைவி. “என்னைக் கட்டினதுக்கு பதிலா அந்த அண்டாவையே கட்டியிருக்கலாம். சம்பந்தி சண்டையாவது மிச்சம்.”

பளபளா சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் தம் முகம் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் சோதனைச்சாலையிலிருந்து ஒரு பெண் வந்தார், பெட்டி நிறையப் பஞ்சுக்குச்சிகளோடு. மேடை, கரண்டி, கைப்பிடி என்று துடைத்துத் துடைத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டார்.

“பால் வைக்கிற பாத்திரம் எது?”

அலமாரிக்குப் பக்கத்தில் இன்னும் புழக்கத்துக்கு வராத புத்தம் புது அண்டா ஒன்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பளபளாவின் கை தானாகவே அதைக் காட்டியது. கைகளின் நேர்மை பற்றி அவர் எழுப்பிய சந்தேகம் இவ்வளவு சீக்கிரம் நிரூபணமாகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

“புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்களே! கம்பிநார் போடறதில்லையா?”

“சேச்சே.”

“நல்லது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்ச்சுக் கீறிடறாங்க. நமக்குத்தான் அது கீறல், கிருமிக்குப் பெரிய பள்ளம். போய் ஒட்டிக்கும். பிசின் மாதிரி ஒண்ணு சுரந்து மேல போர்த்திக்கும். உள்ளேயே பெருகும். நீங்க ப்ளீச்சிங் ஊத்தினா மேலாக இருக்கறது சாகும், அடியில இருக்கறது ஜம்முனு இருக்கும். அப்பப்ப கொஞ்சம் பிய்ஞ்சு பால்ல கலந்துடும்.”

“பார்த்தா தெரியுமாம்மா?”

“பல சமயம் தெரியாது. தொட்டா தெரியும். வழவழன்னு இருக்கும்.”

பளபளா மெல்ல நழுவிக் கழுவுமிடத்துக்குப் போனார். பழைய அண்டாவுக்குள் கைவிட்டு, குழாய் பொருத்திய ஓரத்தைத் தடவினார். வழவழத்தது. எத்தனை பேர் கையைப் பிடித்து இங்கே வைத்திருக்கிறார்! கிருமிகள் பட்டா கேட்கவில்லை; கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மனை பிரித்து, அஸ்திவாரம் தோண்டிக் கொடுத்த மேஸ்திரியே அவர்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். புது அண்டா சுத்தம் என்று முடிவு வரும், அவர் பெயர் நிலைக்கும். சம்பந்தியம்மா வேலை போகும். சமையலறையில் அந்தப் பெண் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

அவர் பழைய அண்டாவைத் தோளில் தூக்கினார். சாப்பாட்டு நேரம். கூடத்தின் குறுக்கேதான் போயாக வேண்டும்.

“எங்கண்ணே, அண்டாவுக்கு மாப்பிள்ளை பார்க்கவா?”

“இங்க இறக்குங்கண்ணே, தலை வாரிக்கறேன்!”

அவர் நடையை நிறுத்தவில்லை. வாசலில் மேலாளரோடு நின்றிருந்த அந்தப் பெண்ணின் முன்னால் இறக்கினார்.

“இதுலதாம்மா தினம் பால் ஊத்தறது. நான் காட்டினது இன்னும் பாலையே பார்க்காத அண்டா.”

“என்னய்யா சொல்றீங்க?” என்றார் மேலாளர்.

பளபளா குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். துளைக்கு வெளிச்சம் படும்படி அண்டாவைச் சாய்த்துப் பிடித்தார்.

“கம்பிநாருதான் போட்டேன். இந்த ஓரத்துல எடுங்க.”

வெள்ளையாக உள்ளே போன பஞ்சு, பழுப்பாக, நூல் நூலாகக் கோழை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.