திருநீற்றில் தெரிந்த சிப்பாய்கள்

பழனி அடிவாரத்தில் திருநீற்றுக் கடை வைத்திருந்த சண்முகசுந்தரிக்குப் புகுந்த வீட்டார் வைத்த பெயர் ‘செல்லாக்காசு’. பழைய பித்தளை எடைக்குப் போடுகிற கடையில் தேய்ந்த காசு கண்டால் விடமாட்டாள். திருநீற்றைத் தேய்த்து ஊதுவாள். மேட்டில் ஒட்டாது, பள்ளத்தில் நிற்கும். சாய்வெயிலில் பிடித்தால் உருவம் எழும். கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த பழங்காசுப் படப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பாள். ஆனால் இன்ன காசு என்று நாலு பேர் முன்னால் சொன்னதில்லை.

1961 தையில், புகுந்த வீட்டாரின் மலையூரான பாச்சலூர்க் கோயிலுக்கு மணி வார்த்தார்கள். வீட்டுக்கொரு செம்போ பித்தளையோ உருக்கில் போடுவது வழக்கம். சுந்தரியின் நாத்தனார் அழகம்மாள், வாழைக்குழியில் அகப்பட்ட சின்னச் செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தாள். சாமிக்குப் போவது அழுக்காகப் போகலாமா என்று முந்தின நாளே புளி போட்டுத் துலக்கியிருந்தாள்.

“பொறு அழகு. குடு பாப்போம்.”

“காசுக்குமா திருநீறு பூசுவீங்க, மதினி? யாவாரம் அம்புட்டு மோசமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுந்தரி சுருக்குப்பையிலிருந்து திருநீறெடுத்துத் தேய்த்து, ஊதி, வெயிலுக்குச் சாய்த்தாள். இரண்டு ஆள். கையில் ஆளுக்கொரு ஈட்டி.

மணி வார்க்க வந்த கன்னார் தண்டாயுதபாணி எட்டிப் பார்த்தார். “வேலுதான். முருகனே வந்துட்டாரு. வெரசா போடுங்க, உருக்கு பதம் போயிரும்.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆமாம் என்றால் காசு உருகிவிடும். இல்லை என்று சொல்லித் தப்பாகிப்போனால், சாமி பொருளைத் தடுத்த பாவம் சுந்தரி தலையில்.

“முருகன் ரெண்டு பேரா நிப்பாரா?” என்றாள். “இவங்க ரோமாபுரி சிப்பாய்ங்க. நடுவுல நிக்கிறது கொடிக்கம்பம். ஆயிரத்து அறுநூறு வருசத்துக் காசு.”

“எந்த ராசா காசு?” என்றார் கன்னார்.

“கான்ஸ்டன்டைனா, அவர் மகனான்னு ஓரத்து எழுத்துதான் சொல்லணும். அதைத்தான் புளி தின்னுட்டுதே.”

தெரியாததைத் தெரியாது என்றதால்தானோ என்னவோ, கன்னார் குறட்டைக் கீழே வைத்தார். “அப்ப வேற ஏதாச்சும் கொண்டாங்க தாயி.”

அழகம்மாள் ஓடிப்போய்த் தன் சீர்ச் சொம்பையே எடுத்துவந்து உருக்கில் போட்டாள்.

மணி நன்றாகத்தான் ஒலித்தது. அதற்கப்புறம் மலையில் எந்தத் தோட்டத்தில் காசு அகப்பட்டாலும் புளி படவில்லை; மண்ணோடு முடிந்துகொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார்கள். “செல்லாக்காசு கடை எதுங்க?” என்று கேட்டு வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, சுந்தரி திருநீற்றுத் தட்டை வெயிலுக்கு நகர்த்துவாள்.