சோதிக்காத முன் அச்சு

பட்டறையில் என் அண்ணனுக்கு நாலரை என்று பெயர். உயரம் ஏற்றிய வண்டியில் பெரிய டயரை மாட்டிக்கொண்டு, இழுவையே இல்லை என்று யார் வந்து நின்றாலும் பேச்சு கடைசியில் "நாலரை போட்டுடலாம்" என்றுதான் முடியும். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். நாலரை கையை வைத்தால் ஏழரை ஓடிவிடும் என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான்.

டயர் பெரிதானால் வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் அந்தச் சக்கரத்தைச் சுற்ற எஞ்சின் திணறும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதைச் சரிக்கட்ட அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, வண்டிக்கு அடியில் ஓடும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே கணக்கு; நாலரை என்றால் நாலரைச் சுற்று. குறைத்து வைத்தால் மலையில் நின்றுவிடும். கூட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தித் தீர்க்கும். அண்ணன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை நம்ப மாட்டான். "அது பொண்ணு பாக்கக் குடுக்கிற போட்டோ. நேர்ல வேற" என்பான். சுமையை ஏற்றச் சொல்லி, தரையிலிருந்து சக்கரத்தின் மையம்வரை டேப் பிடித்து அளப்பான். பிறகு எந்தப் பாதை, எவ்வளவு சுமை, வண்டி மலையில் எவ்வளவு நேரம், சமவெளியில் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பொறுமை இழந்து வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு. போனவர்கள் திரும்பியும் வந்தார்கள்.

வேலை முடிந்த வண்டியை அவன் உடனே விட மாட்டான். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவான். அதற்குள் ஷாஃப்டின் கோடு எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணுவான். முன் அச்சுக்கு ஒரு முறை, பின் அச்சுக்கு ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நடுவில் இருக்கும் கியர் பெட்டி உடைந்துபோகும். தன் வேலையையும் எண்ணுவான், பட்டறையில் மற்றவர்கள் செய்ததையும் எண்ணுவான்.

ஒருவரைத் தவிர. அவர் என் கணவர்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவன் அண்ணன். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையே போதும் என்றான். தன்னோடு வேலை செய்தவரையே எனக்குக் கட்டிவைத்து, பட்டறையில் பாதியையும் அவருக்குக் கொடுத்தான். திருமணம் ஆன மறுநாளிலிருந்து அவருடைய வேலையில் அண்ணனின் சாக்பீஸ் படவில்லை. ஏன் என்று நான் ஒரு முறை விளையாட்டாகக் கேட்டேன். "மாப்பிள்ளை வேலையை எண்ணிப் பாக்கறது, பொண்ணைக் குடுத்துட்டுக் கதவோரம் நின்னு ஒட்டுக்கேக்கிற மாதிரி பாப்பா" என்றான்.

மலை உச்சியிலுள்ள தொலைபேசிக் கோபுரங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவர் ஒருவர் தன் வண்டியை உயர்த்திக்கொண்டு வந்தார். டவர்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் கணக்குப் பார்த்தான். டயருக்கு நாலரை போதும், ஆனால் ஆளும் கருவிகளுமாக அந்த ஏற்றத்துக்கு ஐந்துக்குச் சற்றுக் கீழே வேண்டும் என்றான். முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு ஜோடி வரவழைத்தார்கள். பின் அச்சை அண்ணன் செய்தான், எண்ணினான். முன் அச்சை என் கணவர் செய்தார். மணலில் நான்கு சக்கரமும் போட்டு ஓட்டிப் பார்த்தாயிற்று என்று அவர் சொன்னதும் வண்டி போய்விட்டது.

வெயில் காலம் முழுக்க டவர்காரர் பின்சக்கர இழுவையிலேயே ஓட்டினார். முதல் மழையில், மேலே கடைசி வளைவில், நான்கு சக்கரத்தையும் போட்டார். பெட்டி உடைந்தது. வண்டி பின்னால் சரிந்து ஒரு பாறையில் மோதி நின்றது. உள்ளே இருந்த ஒரு தொழிலாளிக்குக் கால் முறிந்தது.

வண்டியை இழுத்து வந்ததும் அண்ணன் தனியாக முன் அச்சைத் திறந்தானாம். பிறகு டவர்காரரிடம் போய், முன் அச்சு வேலை தன்னுடையது, கவனம் தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தான். எனக்கும் அதையேதான் சொன்னான். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அச்சு வேலை அவனைத் தேடி வரவில்லை. பிரேக்கும் கிளட்சும் பார்த்துக்கொண்டிருந்தான். நாலரைக்கே ஏழரை பிடித்துவிட்டது என்ற பேச்சு அவன் காதுபடவே நடந்தது. அப்போதும் சிரித்தான்.

ஒரு சனிக்கிழமை, வீட்டுச் சாவியை வாங்கப் பட்டறைக்குப் போனேன். என் கணவர் முடித்துவைத்த ஒரு வண்டி நின்றிருந்தது. அதன் முன்சக்கரம் ஜாக்கியில் உயர்ந்திருந்தது. அடியில் அண்ணன் மல்லாந்து படுத்து, சாக்பீஸ் கோட்டை எண்ணிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் நின்று, துடைத்த கையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. முன் அச்சுக்கு வந்த பல்சக்கர ஜோடியை, தான் தனியாகப் பட்டறை போடுவதற்குத் துணையாக இருக்கப்போகிற ஒருவரின் வண்டியில் அவசரத்துக்கு மாட்டிவிட்டாராம். டவர்காரர் வண்டியின் முன் அச்சைப் பழைய பல்சக்கரங்களோடேயே மூடிவிட்டாராம்.

"மழைக்கு முன்னாடி வேற ஜோடி வந்துடும், மாத்திடலாம்னு நெனச்சேன்."

"அண்ணன் எண்ணிப் பாத்திருந்தா?"

"மச்சான் பாக்க மாட்டாருன்னு தெரியும்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் அவருக்குக் கொடுத்ததிலேயே பெரியது, எண்ணிப் பார்க்காத அந்த நம்பிக்கைதான். அதையே கதவாக்கி நுழைந்திருக்கிறார்.

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். ஏன் என்னிடம்கூடப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "உன் வீடு பாப்பா" என்று மட்டும் சொன்னான். என்னைக் கேட்காமல் எனக்காக ஒரு பொய்யைக் கட்டி, அதற்குள் என்னைக் குடியும் வைத்துவிட்டான். அவரை விடவும் இவன்மீதுதான் அன்று எனக்குக் கோபம். டவர்காரரிடம் போய் உண்மையைச் சொல் என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்றான். அந்த அப்புறம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகம் அழுதவர் என் கணவர். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில வாரங்களில், பட்டறை வாசலில் அண்ணனின் படத்தோடு ஒரு பலகை வைக்கலாமா என்றார். அதற்கு முன்னால் டவர்காரரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"செத்தவரு வந்து கேக்கப்போறாரா?" என்றார்.

நானே போனேன். டவர்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உங்க அண்ணன் இதே எடத்துல நின்னு, என் கையப் புடிச்சிட்டு, நான்தான் செஞ்சேன்னு சொன்னாரும்மா. அவரு வாயால சொன்னதை இல்லைன்னு நான் எப்படி எடுத்துக்கிறது?" கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல ஏதாச்சும் மனஸ்தாபமா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. முன் அச்சை வேறு ஏதோ பட்டறையில் மாற்றியிருக்கிறார்கள். அண்ணன் கைவைத்த பின் அச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் இதுவரை ஒரு குறையும் இல்லை என்று வழியனுப்ப வந்த டவர்காரரே சொன்னார். சொல்லும்போதும், நல்ல வேலைக்காரன் ஒரு நாள் கவனம் தப்பினான் என்ற இரக்கம்தான் அவர் முகத்தில் இருந்தது.