கல்வெட்டிலிருந்து நான் எடுத்த பெயர்

மண்ணெண்ணெய் மணம்...

அச்செழுத்துகளைக் கழுவுகிற மண்ணெண்ணெய். எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் சொதியிலும் அதே மணம்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. வேலணையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. கலியாண அழைப்பிதழ் வரும், கோயில் நோட்டீஸ் வரும். ஆனால் கூடுதலாக வந்தது கல்வெட்டுத்தான்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், புலம்பல் பாட்டு, கடைசியில் வம்சம். யாருடைய மகன், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் யார்...

இன்றைக்குத் தீவுப்பகுதி வம்சாவழி தேடுகிறவர்கள் எல்லோரும் தலையில் வைத்துக் கூத்தாடுவது இந்தப் புத்தகங்களைத்தான். ஆடட்டும். ஆனால் போன கிழமை ஃபேஸ்புக்கில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பற்றி எரிகிறது.

முதலில் பழைய கதை.

புளியங்கூடலில் ஒரு பெரிய காணிக்காரர் காலமானார். ஊர்ப் புலவர் எழுதிக் கொடுத்த பிரதியில் ஐந்து பிள்ளைகள். ஐந்து பெயரையும் கோர்த்தேன். புரூப் பார்க்க மூத்த மகன் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சிவப்புப் பேனை. மூன்றாவது பிள்ளை திலகவதியின் பெயரில் ஒரே கீறு.

"இதை எடுத்துவிடும்."

"அண்ணை, அவவும் பிள்ளைதானே..."

"எழுவைதீவிலை மீன்பிடிக்கிறவனோடை ஓடினவள். அவள் எங்களுக்குச் சகோதரமில்லை. நீர் சொன்னதைச் செய்யும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். எழுத்தெழுத்தாகக் கழற்றி, அந்தந்தப் பெட்டிக்குள் போட்டேன்.

புலம்பல் பாட்டை அந்த மனிதர் வாசிக்கவேயில்லை. அதை யார்தான் வாசிக்கிறார்கள்? அதில் ஒரு வரி இருந்தது. "மைந்தர் இருவரொடு மங்கையர் மூவருமே..." வம்சத்தில் பெண்பிள்ளைகள் இப்போது இரண்டு பேர்தான். நான் கண்டேன். வாயைத் திறக்கவில்லை. அப்படியே அச்சுக்குப் போனது.

முப்பத்தொன்று முடிந்த மறுநாள் ஓர் அக்கா அச்சக வாசலில் வந்து நின்றார். எழுவைதீவிலிருந்து படகில் வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். சேலைக் கரையெல்லாம் உப்புத்தண்ணீர்.

"தங்கச்சி, அப்பான்ரை புத்தகம் ஒண்டு மிச்சம் இருக்குமோ? என்னைப் படலையிலையே மறிச்சுப்போட்டினம்."

கொடுத்தேன். நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். திரும்ப மேலிருந்து...

"என்ரை பேரைக் காணேல்லை."

"அச்சுப்பிழை, அக்கா."

வாய் கூசாமல் சொன்னேன். சீ!

"அப்பா சாகமுன்னம் சொல்லிவைச்சு எடுக்கேல்லைத்தானே?"

"இல்லை அக்கா. அச்சுப்பிழைதான்."

என் முகத்தைப் பார்த்தார். "ஓம்... பிழை வரும்தானே," என்று சொல்லிப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

திலகவதி அக்கா இப்போது இல்லை. போன கிழமை அவருடைய மகள், தீவுக் குடும்பங்களின் வம்சாவழி போடுகிற குரூப் ஒன்றில் பணிவாகக் கேட்டிருந்தாள். "என்ரை அம்மாவின்ரை பேரையும் சேர்த்துவிடுவீங்களோ?"

வெளிநாட்டில் இருக்கிற அட்மின் தம்பி அந்தக் கல்வெட்டை ஸ்கேன் செய்து தனிப் பதிவாகப் போட்டார். "பிள்ளைகள் நாலு பேர்தான். ஆதாரம் இல்லாமல் வரலாற்றை மாத்த ஏலாது." பிறப்புப் பத்திரம் சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்டது என்று அவள் சொன்னாள். கீழே ஒரு விசரன் வந்து, "காணிக்கு வாறா போலை," என்று கொமென்ட் போட்டான். அதோடு அவள் கேள்வியையே அழித்துவிட்டாள்.

அட்மினின் பதிவுக்குக் கீழே நான் எழுதினேன். தம்பி, பாட்டை வாசியும், மங்கையர் மூவர் என்று இருக்கிறது, நீர் போட்ட ஸ்கேனிலேயே இருக்கிறது.

வந்த பதில்: "அது எதுகை மோனைக்காகப் புலவர் போட்டிருப்பார், அன்ரி."

எதுகை மோனையாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அந்த அண்ணன். அந்தச் சோற்றைப் போட்டோ எடுத்து வரலாறு என்று பரிமாறுவது நீர். அழித்தவன் விட்டுவைத்தது மட்டும்தான் உமக்கு ஆதாரமா? எழுவைதீவுக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டீரா? அங்கே அவரைத் தெரிந்த சனம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பெயரை எடுக்க எழுத்தெழுத்தாகக் கழற்ற வேண்டியிருந்தது. கையிலே மை, மனதிலே பயம். இன்றைக்கு ஒரு பெயரைச் சேர்க்க ஒரு தட்டுப் போதும். அதற்கு மனம் இல்லை.

மற்றவர்களை ஏசிவிட்டு நான் தப்ப முடியாது. அந்த அக்காவுக்குப் பொய் சொன்னவள் நான்தான். இத்தனை வருடம் பேசாமல் இருந்தவளும் நான்தான்.

எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம். இந்தா, கோர்க்கிறேன். ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளும்.

புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும் எழுவைதீவை வதிவிடமாகவும் கொண்ட திலகவதி, அந்தக் கல்வெட்டுக்குரியவரின் மூன்றாவது பிள்ளை.

அது அச்சுப்பிழை இல்லை, அக்கா. உங்கள் அப்பா சொல்லி எடுத்ததும் இல்லை. அண்ணன் கீறினார், நான் எடுத்தேன்.