டம்ளர் சூட்டில் ஓடும் இன்ஜின்

புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஜெபக்குமார் வீட்டுக்கு வழி கேட்டால், மீன் வெட்டுகிற பெண்கள் கத்தியைக் கீழே வைக்காமலே சொல்வார்கள்: "லேத் வெச்சிகினு கீறாரே, அந்த வூடா? நேராப் போ." வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் இரும்பு கடைகிற ஒரு சின்ன லேத் இருந்தது. சென்னையில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து மீன் ஏற்றுகிற வண்டியில் வந்து இறங்கியது. கடலோர ஊரில் இரும்பு வாங்கி வைப்பது உப்புக் காற்றுக்கு விருந்து வைப்பது மாதிரி. ஆனாலும் அந்த லேத்தில் ஒரு பொட்டுத் துரு இருக்காது. வேலை முடிந்தால் துடைத்து எண்ணெய் பூசிவிட்டுத்தான் அவர் கை கழுவுவார்.

அவருக்கு வேலை சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியின் டூல் ரூமில். வாரம் முழுக்க அங்கே இரும்பைக் கடைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் உட்கார்ந்து கடைகிற மனிதரை என்னவென்று சொல்வது? தோசைக் கடைக்காரர் லீவு நாளில் ஆசைக்காகத் தோசை சுடுவாரா? இவர் சுட்டார். கூட வேலை செய்யும் துரை கேட்டால், "அங்க கடையறது கம்பெனிது, இங்க கடையறது என்து" என்பார். உள்ளங்கையில் அடங்குகிற நீராவி இன்ஜின் ஒன்று செய்திருந்தார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடில் போட்டால் அதில் சுற்றுகிற தண்ணீர்ச் சக்கரம் இவர் கைவேலைதான். எல்லாமே விளையாட்டுச் சாமான்தான், ஆனால் ஒவ்வொரு திருகும் மரையும் நிஜம்.

அவருக்கு ஒரே மகள். பெயர் சிநேகா. பெயரை நாம் சொல்லிவிட்டோம், ஜெபக்குமார் சொல்வதில்லை.

அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்தாள். யாரோ எந்த ஊரிலோ எடுத்த வீடியோ. ஒரு டம்ளர் வெந்நீர். அதன்மேல் வைத்த ஒரு குட்டி இன்ஜின். அதன் சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை. தண்ணீரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

"நைனா, இது உன்னால முடியுமா?"

"முடியுமாவா? கிறிஸ்மஸுக்குள்ள உன் டீ டம்ளர் மேல ஓடும், பாத்துகினே இரு."

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

அடக்கத்தன்று ஜெபக்குமார் அழவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பெட்டியை மூடிய பிறகு, மூடியில் ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறியிருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, அதைக் கழற்றி நேராக ஏற்றினார். ஸ்க்ரூவின் தலை மரத்தோடு மட்டமாக உட்கார்ந்ததா என்று கட்டைவிரலால் தடவியும் பார்த்தார். அன்றைக்கு முளைத்த பேச்சு அதோடு அடங்கவில்லை. "பெத்த பொண்ணு பெட்டில கீது, இவுரு ஸ்க்ரூ பாத்துகினு கீறாரு. கல்லுளிமங்கன்யா" என்றார்கள். அழாதவனுக்குத் துக்கம் கிடையாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ நமக்குத் தெரியாது. ஊருக்கு அது மனப்பாடம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அவருக்கே அது புரியவில்லை என்பதுதான் உண்மை. அழுகை வரும், வந்தால் தாங்கமுடியாது என்று முதலில் பயந்தார். பிறகு வரவில்லையே என்று பயந்தார். பிறகு பயமும் போய்விட்டது. ஊசி போட்டுப் பல் பிடுங்கிய ஈறு மாதிரி இருந்தது உள்ளே. தொட்டால் தொடுகிறது என்று தெரிகிறது, வலி இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், கம்பெனி பஸ் பிடித்தார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டார். ஒரு நாள் ஜெசிந்தா வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள். அன்றும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினார்.

ஜெசிந்தா அவர் மனைவி. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் கேன்டீனில் வேலை. அவள் அழுதாள், ஆபீஸ் வேனில் அழுதாள், சர்ச்சில் அழுதாள், சோறு வடிக்கும்போது அழுதாள். மகளின் போட்டோவைக் காலையில் கொஞ்சவும் செய்வாள், திட்டவும் செய்வாள். அழுது முடித்தால் பேச வேண்டியிருந்தது. அந்தப் பெண் சின்ன வயதில் அலையைப் பார்த்து நாய் மாதிரி குரைத்ததையும், சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதையும் பேச உலகத்தில் இன்னொரு ஆள்தான் உண்டு. அந்த ஆள், "நாளைக்கு ஷிப்டு மாறுது" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அவள் கெஞ்சினாள், கத்தினாள். மகளின் பெயர் வருகிற இடம் வந்தால் அவர் வாய் சுற்றிக்கொண்டு போய்விடும். "அது", "அப்போ", "அந்த சமயம்". இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கொட்டகையில் அவர் அந்த இன்ஜினைத்தான் செய்துகொண்டிருந்தார். அடியில் ஒரு அலுமினியத் தட்டு, மேலே ஒன்று, நடுவில் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் வளையம், உள்ளே தெர்மாகோல் வட்டு. மேல்தட்டில் விரல் பருமனுக்கு ஒரு பித்தளை சிலிண்டர். பிஸ்டன் மட்டும் கிராஃபைட்டில், அதாவது பென்சிலுக்குள் இருக்கிறதே அந்தக் கரியில். டூல் ரூமில் தூக்கிப் போடுகிற துண்டுகளிலிருந்து கடைந்தது. செய்தால் மனசுக்கு ஆறுதல் என்றெல்லாம் இல்லை. சொன்ன வேலை பாக்கி இருந்தது, அதனால் செய்தார். ஆனால் அடியில் எங்கேயோ ஒரு கணக்கு இருந்தது: இது ஓடினால் உள்ளே ஏதாவது அசையும்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு எல்லாம் சேர்த்து மாட்டி, வெந்நீர் டம்ளர் மேல் வைத்தார். சக்கரம் அசைந்தது, நின்றது. காற்று கசிகிறது என்று சில ஞாயிறுகள் அதை அடைத்தார். பிறகு சக்கரத்தை விரலால் தள்ளிவிட்டால் ஒரு சுற்றுப் போய், சேற்றில் கால் வைத்தது போல இழுத்து நின்றது. பிஸ்டன் இறுக்கம் என்று வேறொன்று கடைந்தார். அது லூஸ் என்று இன்னொன்று. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேண்டாத பிஸ்டன்கள் சேர்ந்தன.

"இன்னா அண்ணாத்த, வெந்நீல ஓடற வண்டி எப்போ ரோட்டுக்கு வரும்?" என்று துரை கேட்டான்.

"வரும்" என்றார். ஓடாததில் அவருக்கு எரிச்சல்கூட வரவில்லை. அதுதான் துரைக்குப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் ஒரு அளவு தப்பினால் டூல் ரூமே கேட்கக் கெட்ட வார்த்தை பேசுகிற மனிதர்.

இரண்டாவது கிறிஸ்துமஸும் வந்து போனது. ஜெசிந்தா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தங்கை பிரிசில்லா சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கிறாள். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலி. வேலைக்குப் போகவும் வசதி. சொல்லாமல் போகிறவள் இல்லை ஜெசிந்தா, நேராகவே சொன்னாள்.

"சனிக்கெழம பிரிசில்லா ஆட்டோ எடுத்துகினு வரா. நான் போறேன். கோவத்துல இல்ல. இங்க பேச ஆளு இல்ல."

ஜெபக்குமார் கேட்டுக்கொண்டார். போகாதே என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அதைச் சொல்வதற்கு வேண்டியது எதுவோ, அது கிடைக்கவில்லை. "பனியா கீது, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார். அவள் உள்ளே போய்ப் பையைத் தேடி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை மார்கழிப் பனி கொட்டகைத் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெசிந்தா பையில் புடவை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கை வழக்கம்போல இன்ஜினை எடுத்தது. பிஸ்டனை வெளியே இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தபோது வந்தது. அதன் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சிலிண்டருக்குள்ளும் வெள்ளை. நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தார், உருகியது. மூக்கருகே கொண்டுபோனார்.

தேங்காய் எண்ணெய்.

வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கிடந்த எண்ணெய், பனியில் உறைந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. கரிப் பிஸ்டனுக்கு எண்ணெய் கூடாது, கரியே வழுக்கும். சொட்டு எண்ணெய் பட்டாலும் இத்தனை மெல்லிய இன்ஜின் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இது தெரிந்ததால்தான் அவர் கரியைத் தேர்ந்தெடுத்தார். பிஸ்டனை மாற்றினாரே தவிர, சிலிண்டரைக் கழற்றிக் கழுவத் தோன்றவில்லை. முப்பது வருஷம் எண்ணெய்க்கு நடுவில் வாழ்ந்த கை. விரலில் பிசுக்கு இருப்பது அதற்குப் பிசுக்காகவே படவில்லை.

இன்ஜினோடு வீட்டுக்குள் வந்தார்.

"ஜெசி, இதுல எண்ண வுட்டது யாரு?"

அவள் நிமிர்ந்தாள். "நாந்தான். நீ ஷிப்டுக்குப் போனப்புறம் வாராவாரம் வுடுவேன். சக்கரத்துக்கு, அந்தக் குழாய்க்கு எல்லாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? உப்புக் காத்துல துரு ஏறிடுமேன்னுதான். நீ லேத்துக்குப் பூசல? அத்த மட்டும் அநாதையா வுட்டு வெச்சிருந்த."

அவருக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. இன்ஜினை அவள் முன்னால் நீட்டினார்.

"இதுக்கு எண்ண வுடக்கூடாதுமே! ஒரு சொட்டுகூட வுடக்கூடாது! எத்தினி பிஸ்டன் கடஞ்சேன், எத்தினி தூக்கிப் போட்டேன், பைத்தியக்காரன் மாதிரி! ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? இது இன்னா உன் தலமயிரா, எண்ண பூசறதுக்கு?"

ஜெசிந்தாவின் கை வாய்க்குப் போனது. "நானா ஓட வுடாம பண்ணேன்?"

"நீதான்! வேற யாரு? கிறிஸ்மஸுக்குக் கேட்டா அவ! எங்கிட்ட ஒரு டிரஸ் கேக்கல, போனு கேக்கல, இத்தக் கேட்டா! முடியுமா நைனான்னு கேட்டா! சிநேகா கேட்டா! சிநேகா கேட்டத நீ எண்ண ஊத்தி நிறுத்தி வெச்சிகினு..."

அவர் மூச்சு வாங்கினார். நிறுத்தவில்லை. அவளைத் திட்டினார், மழையைத் திட்டினார், கொசுவைத் திட்டினார். சிநேகா காய்ச்சலில் டீ கேட்டபோது ஆறட்டும் என்று சொன்ன தன்னையே திட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிச் சட்டை நனைந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா புடவைப் பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லா வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்தியாக்கா இந்தாளு கத்தறத? எழுந்திரு, கெளம்பு. இனிமே ஒரு நிமிஷம் இங்க இருக்கக்கூடாது."

ஜெசிந்தா தங்கையின் கையை விலக்கினாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"சும்மா இருடி" என்றாள். "பொண்ணப் பத்திப் பேசிகினு கீறாரு."