இருட்டறையில் தள்ளிய கை

மருத்துவமனையில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் இருட்டறையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆந்தை. கும்மிருட்டில் கையால் தடவியே பிலிமைச் சட்டத்தில் மாட்டி மருந்துத் தொட்டியில் இறக்குவார். ஒரு கீறல் விழாது. அப்பேர்ப்பட்ட ஆந்தையைத்தான் ஒருநாள் இருட்டில் யாரோ தள்ளினார்கள்.

விளக்கைப் போட்டால் ஆள் இல்லை. அணைத்தால் மறுபடி தள்ளல். வீட்டில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார், நெற்றி போய்க் குழாயில் இடித்தது. தள்ளுவது யாரென்று அவருக்குத் தெரியும்.

அந்த அறைக்கு முன்பு பொறுப்பாக இருந்தவர் நெட்டையர். கடைசி மாதங்களில் இருட்டில் தடுமாறுவார். உதவியாளாக இருந்த ஆந்தை மேலதிகாரியிடம் போய், "குடிச்சிட்டு வர்றாரு சார்" என்று போட்டுக் கொடுத்தார். நெட்டையர் குடித்து ஆந்தை பார்த்ததில்லை, வாடைகூட வந்ததில்லை. அவருடைய பதவி மேல் ஆந்தைக்குக் கண், அவ்வளவுதான். வேலை போன எட்டாம் மாதம் நெட்டையர் செத்துப்போனார்.

ஆந்தை எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினார். "நானும் உள்ள வந்து நிக்கிறேன், யார்னு பாத்துடலாம்" என்றாள் அவள். இருட்டறையில் விளக்கு அணைந்தது. அவர் தோள்களை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"தள்ளுறாரு!"

"யாருமே இல்லீங்க. நீங்களா என் மேல சாயுறீங்க."

மறுநாளே அவரை நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஜன்னல் வழியே வெயில் கொட்டும் அறை. "காலைச் சேத்து வெச்சு நின்னு, கண்ண மூடுங்க" என்றார் டாக்டர். அங்கேயும் வந்தது அந்தக் கை. டாக்டர்தான் தாங்கிப் பிடித்தார்.

"வயித்துல ஆபரேஷன் ஏதாவது?"

"ஆறு வருஷம் முன்னாடி. இரைப்பைய பாதிக்கு மேல எடுத்துட்டாங்க. மாசாமாசம் ஊசி போடச் சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன்."

ரத்தச் சோதனை முடிவு வந்ததும் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். "இரைப்பைய எடுத்ததால உடம்புல பி12 சத்து சுத்தமா இல்ல. அது இல்லாம நரம்போட உறை கெட்டுப்போச்சு. கால் எங்க நிக்குதுன்னு மூளைக்குச் சேதி போகல. கண்ணுதான் உங்களை நிக்க வெச்சிருக்கு. இருட்டுல அதுவும் இல்ல."

"குடிக்காத மனுஷனுக்கும் இப்படித் தடுமாறுமா டாக்டர்?"

"தாராளமா."

ஊசி போட்டு நாலு மாதத்தில் தள்ளல் நின்றது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு. "பேயுமில்ல பிசாசுமில்ல, இனிமே நிம்மதியா இருங்க" என்றாள் மனைவி.

ஆந்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

"தள்ளினது அவரா இருந்திருந்தா மன்னிப்பாவது கேட்டிருப்பேன்டி. இப்ப யார்கிட்ட போய்க் கேப்பேன்?"